மாமா தாடி வளர்த்த வருடம்

அறுபதைத் தாண்டிய என் வயதுக்காரர்களே, உங்கள் வீட்டிலும் இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். என் பேத்தி, இங்கிலாந்தில் எங்கோ இருக்கிற ஒரு காற்பந்து அணியின் சட்டையைப் போட்டுக்கொண்டு வீட்டைச் சுற்றி வருகிறாள். அந்த அணி பெரும்பாலும் ஜெயித்துக்கொண்டே இருக்கிறது. எப்போதாவது தோற்றுவிட்டால் அன்றைக்கு அவள் சாப்பிட மாட்டாள். தோல்விக்கெல்லாம் பட்டினி கிடப்பது என்றால் நானும் என் மாமாவும் அந்தக் காலத்திலேயே எலும்பும் தோலுமாகியிருப்போம்.

நாங்கள் நம்மூர் அணியின் ஆட்கள். உங்களில் சிலரும் அப்படித்தான் இருந்திருப்பீர்கள், இப்போது ஒப்புக்கொள்ள வெட்கப்படுகிறீர்கள். நான் சொல்ல வருவது, நம் அணி ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காமல் ஒரு பருவத்தையே ஓட்டிய அந்த வருடத்தைப் பற்றி. அப்போது எனக்குப் பதினொரு வயது.

மாமா என் அம்மாவின் தம்பி. தாத்தா பாட்டி போன பிறகு எங்களோடு ஜார்ஜ் டவுனிலேயே தங்கிவிட்டார். பாயான் லெப்பாஸ் பக்கம் ஒரு ஃபேக்டரியில் மெஷின் பழுது பார்க்கிற வேலை. அதிகம் பேச மாட்டார். அம்மா வைக்கிற குழம்பில் உப்பு இல்லையென்றாலும் கேட்க மாட்டார், எழுந்து போய் அவரே எடுத்துப் போட்டுக்கொள்வார். வாய் திறந்து கத்துவது ஸ்டேடியத்தில் மட்டும்தான். வீட்டிலிருந்து ஸ்டேடியத்துக்கு நடந்தே போய்விடலாம். சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் மாமா பழைய நாளிதழைக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வார். நான் செருப்பை மாட்டிக்கொள்வேன். யாரும் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை.

அந்த நாளிதழ் உட்காருவதற்கு. வெயிலில் காய்ந்த சிமெண்டுப் படி பாவாடையைத் தாண்டிச் சுடும். மழை பெய்தால் அதே நாளிதழ் தலைக்கு. வாசலில் கச்சாங் பூத்தே விற்கிற தாத்தா, வறுத்த கடலையையும் பருப்பையும் காகிதக் கூம்பில் கொட்டி, கூம்பின் வாயை ஒரு திருகு திருகித் தருவார். கூம்பின் அடியில் உப்பும் நொறுங்கிய பருப்பும் தங்கியிருக்கும். அதை நாக்கால் ஒற்றி எடுக்கும்போது காகிதமும் கொஞ்சம் வாயில் வரும். இப்போது பிளாஸ்டிக் பையில் கிடைக்கிறது. நான் வாங்குவதில்லை.

எங்களுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு முஸ்லிம் பெரியவர் உட்காருவார், நானா என்று கூப்பிடுவோம். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் நாசி கண்டார் சோற்றுக் கடை வைத்திருந்தவர். கடையை மகனிடம் விட்டுவிட்டு வருவார். சட்டையில் குழம்பு வாசம் இருக்கும். அணி கோல் வாங்கும்போதெல்லாம் நானா எழுந்து நின்று, "நாளையிலேருந்து வரமாட்டேன் தம்பி, என்னை நீங்க இங்க பார்க்க மாட்டீங்க" என்று மாமாவிடம் சொல்வார். அடுத்த சனிக்கிழமை எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருப்பார்.

அந்தக் கூட்டத்தில் பெண் பிள்ளை நான் ஒருத்திதான். அது எனக்குப் பெரிய பவிசு. கோல் கீப்பர் பந்தைப் பிடித்துப் பிடித்து நழுவவிடுவதைப் பார்ப்பது கஷ்டம்தான். ஆனால் ஆட்டம் முடிந்து வீட்டுக்கு நடக்கும்போது மாமா ஒவ்வொரு தப்பையும் என்னிடம் மட்டும்தான் பேசுவார். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு தப்பினால் பிரம்படி வாங்குகிற என்னிடம், "லெஃப்ட் பேக் ஏன் மேல ஏறினான், நீ என்னா நினைக்கிற?" என்று கேட்பார். நானும் நினைத்ததைச் சொல்வேன்.

தாடி எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். அந்த வருடத் தைப்பூசத்தில் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போயிருந்தோம். முந்தைய பருவம் முழுக்கச் செமத்தியாக அடி வாங்கியிருந்தது அணி. சந்நிதிக்கு எதிரே கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு நின்ற மாமா, எனக்குக் கேட்கும்படியே சொன்னார். "முருகா, இந்த வருஷம் ஒரு ஆட்டமாவது ஜெயிக்கிற வரைக்கும் மொகத்துல கத்தி வைக்க மாட்டேன்." ஒரே ஒரு ஆட்டம், அதுவும் கிடைக்காமலா போகும் என்று நினைத்திருப்பார். மனிதர் கோப்பை கேட்கவில்லை.

சித்திரை போனது, வைகாசி போனது, தாடி கழுத்தைத் தொட்டது. ஃபேக்டரியில் கேலி செய்தார்கள். அப்பா சாப்பிடும்போதெல்லாம், "மச்சான், முருகனே எறங்கி ஆடினாலும் இவனுங்க தோப்பானுங்கலா" என்பார். மாமா சிரித்துக்கொண்டே தாடியில் ஒட்டிய சோற்றுப் பருக்கையைத் தட்டிவிடுவார்.

இந்த நிலைமையில்தான் பெண் பார்க்கிற பேச்சு வந்தது. பட்டர்வொர்த்தில் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்தில் மாமா ஒரு பெண்ணைப் பார்த்திருக்கிறார். பந்தி பரிமாறிக்கொண்டிருந்தவராம். ஊர் தாசேக் கெலுகோர். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் எதையோ முழுங்கியவர் மாதிரி இருந்துவிட்டு, மூன்றாம் நாள், "அக்கா, அந்தப் பொண்ணு வீட்டுல கேட்டுப் பாக்குறீங்களா?" என்று சொல்லிவிட்டார். உப்பு கேட்காத மனிதர் வாய் திறந்து கேட்ட ஒரே விஷயம் அது. அம்மா அன்றைக்கே தரகரைப் பிடித்தார்.

எனக்குப் பிடிக்கவில்லை. காரணம், துணி மடித்துக்கொண்டே அம்மா சொன்ன ஒரு வார்த்தை. "கல்யாணம் ஆயிட்டா இந்த ஸ்டேடியம் சுத்துறதெல்லாம் நின்னுரும்." அம்மா சந்தோஷமாகத்தான் சொன்னார். எனக்கு அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை.

தாடியை எடுத்துவிட்டுப் போகலாம் என்று அம்மா கெஞ்சிப் பார்த்தார். "முருகன்கிட்ட சொல்லிட்டேன்க்கா" என்று மாமா முடித்துவிட்டார். அப்படியானால் ஒன்று செய், காரணத்தை மட்டும் யாரிடமும் சொல்லாதே என்றார் அம்மா. பந்துக்காகத் தாடி என்றால், பந்தாட்டத்தில் பணம் கட்டிச் சூதாடுகிறவன் என்று நினைத்துவிடுவார்கள் என்பது அம்மாவின் பயம். பயத்தில் நியாயம் இருந்தது, அப்படிப்பட்ட ஆட்கள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "யார் கேட்டாலும் வேண்டுதல்னு மட்டும் சொல்லு. அதுக்கு மேல வாயத் தொறக்காத" என்றார்.

அப்பா ஓட்டிய காடியை அப்படியே ஃபெர்ரியில் ஏற்றிக்கொண்டு போனோம். டீசல் புகையும் உப்புக் காற்றுமாகக் கடலைத் தாண்டினோம். மாமா வழக்கத்துக்கு மாறாக நிறையப் பேசினார். தாசேக் கெலுகோரில் ரப்பர் மரங்களை ஒட்டிய பலகை வீடு. புளித்த ரப்பர் பால் வாசம் முற்றம் வரை வந்தது. மாமா பார்த்திருந்த அந்த அக்கா தேநீர்த் தட்டை வைத்துவிட்டு உள்ளே போகும்போது, ஃபெர்ரிக் காற்றில் அவிழ்ந்திருந்த என் ரிப்பனைப் பார்த்து, கையைப் பிடித்து என்னையும் உள்ளே கூட்டிப் போனார். சடையை முழுசாக அவிழ்த்து, சீவி, கட்டிவிட்டார். இழுக்கவே இல்லை. அவரை வெறுக்கலாம் என்று தயாராகப் போயிருந்த எனக்கு அது பெரிய சங்கடமாக இருந்தது.

அந்த அக்கா முன்னறைக்குப் போனதும், சமையலறையில் முறுக்குப் பிழிந்துகொண்டிருந்த அவருடைய பெரியம்மா என்னைப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"மாமா ஏன் பாப்பா தாடி வச்சிருக்காரு?"

"வேண்டுதல்."

"அப்படியா. எப்ப எடுப்பாரு?"

பருவம் முடிய இரண்டு வாரம்தான் இருந்தது. அதை மனதில் வைத்து, "இன்னும் ரெண்டு வாரத்துல தெரிஞ்சிரும்னு சொன்னாரு" என்றேன்.

பெரியம்மா முறுக்கு உழக்கைக் கீழே வைத்தார். "என்னா தெரிஞ்சிரும்?"

"அத அம்மா சொல்லக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

நான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. சொல்லச் சொன்னதைச் சொன்னேன், சொல்லாதே என்றதைச் சொல்லவில்லை. ஆனால் உங்களுக்குத் தெரியாததா, நம் ஆட்களிடம் கல்யாண வயது ஆண் தாடியோடு இருந்தால் எங்கே நினைப்பு போகும் என்று? பெண்டாட்டி வாயும் வயிறுமாக இருந்தால் பிள்ளை பிறக்கிற வரை புருஷன் சவரம் செய்ய மாட்டான். அந்தப் பெரியம்மா கணக்குப் போட்டுவிட்டார்.

அடுத்த வாரம் தரகர் வந்தார். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். "தம்பிக்குப் பட்டணத்துல ஏற்கனவே ஒரு குடும்பம் இருக்காமே. ரெண்டு வாரத்துல புள்ள பொறக்கப் போவுதாமே."

அம்மாவுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு கண்ணீர் வரச் சிரித்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் என்ன சொன்னேன் என்று கேட்டார், ஒன்று விடாமல் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை. என்னை ஒரு வார்த்தை திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

விஷயத்தைக் கேட்ட தரகர் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு மாமாவிடம், "நேர்ல வந்து சொல்லுங்க தம்பி. பொண்ணுக்கு உங்க மேல இஷ்டம்தான், அது நம்பவே இல்ல. ஆனா பெரியம்மா வேற எடம் பேசிக்கிட்டு இருக்காங்க. வர்ற ஞாயித்துக்கெழமையத் தாண்ட விடாதீங்க" என்றார்.

"ஞாயிறு காலையில வர்றேன்" என்றார் மாமா. சனிக்கிழமை கடைசி ஆட்டம். "ஜெயிச்சா மொகத்த மழிச்சிட்டு வர்றேன். தோத்தா இப்படியே வர்றேன். எப்படியும் வர்றேண்ணே."

சனிக்கிழமை மழை தூறிக்கொண்டிருந்தது. மாமா படியில் உட்காரவே இல்லை. இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால், கார்னரிலிருந்து வந்த பந்து யாருடைய முதுகிலோ பட்டு எதிரணி வலைக்குள் போனது. எங்கள் ஆள் ஒருவன் அதைத் தன் கோல் என்று சொல்லிக்கொண்டு ஓடினான். நானா மாமாவைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டார். "தம்பி, இன்னிக்கு நானே பார்பர் கடைக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றார். மாமா தாடியைத் தடவிக்கொண்டே சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது. ஜெயித்தால் தாடி போய்விடும். தாடி போனால் நாளைக்குத் தாசேக் கெலுகோரில் எல்லாம் சரியாகிவிடும். அடுத்த வருடம் சனிக்கிழமை மத்தியானம் மாமா நாளிதழைக் கக்கத்தில் இடுக்க மாட்டார். லெஃப்ட் பேக்கைப் பற்றி என்னிடம் யார் கேட்பார்கள்?

இரண்டாம் பாதி முழுவதும் நான் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, கை இரண்டையும் கோத்து மார்போடு வைத்துக்கொண்டு, ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தேன். முருகா, தோற்கட்டும். முருகா, தோற்கட்டும். அத்தனை ஆயிரம் பேர் ஜெயிக்கட்டும் என்று கத்திக்கொண்டிருந்த இடத்தில் எதிரணிக்காக வேண்டியவள் நான் ஒருத்திதான்.

எங்கள் பக்கத்துக் கூச்சல் சட்டென்று அடங்கியதில் எதிரணி சமன் செய்துவிட்டது தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து நானா, "நாளையிலேருந்து வரமாட்டேன்" என்று சொன்னது கேட்டது. அப்போதும் நான் கண்ணைத் திறக்கவில்லை. தலைமேல் ஒரு கை வந்து உட்கார்ந்தது.

"போதும் பாப்பா. முடிஞ்சிருச்சு. கண்ணத் தொற."

மாமாவின் முகம் நனைந்திருந்தது. மழை என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு நடக்கும்போது அவர் எந்தத் தப்பைப் பற்றியும் பேசவில்லை. நான் சந்தோஷமாக இருந்தேன். மறைத்து என்ன ஆகப்போகிறது, கூம்பின் அடியிலிருந்த உப்பை நக்கிக்கொண்டு, மழையில் குதித்துக் குதித்து வந்தேன்.

மறுநாள் காலை மாமா குளித்துவிட்டு, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு முன்னறையில் உட்கார்ந்தார். அம்மா வெற்றிலை பாக்கும் பழமும் எடுத்து வைத்தார். அப்பா காடியைத் துடைத்து நிறுத்தினார். ஃபெர்ரிக்கு நேரமாகிறது என்று இரண்டு முறை குரல் கொடுத்தார். மாமா எழுந்தார், உள்ளே போனார், சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். ரொம்ப நாளாக ஓடாமல் கிடந்த மேசை விசிறியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"போகலையாடா?" என்றார் அம்மா.

"இல்லக்கா."

காரணம் சொல்லவில்லை. எத்தனை கேட்டும் சொல்லவில்லை. தம்பிக்குத் தைரியம் போதாது என்று அம்மா கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். திமிர், வேறொன்றும் இல்லை என்பார் அப்பா. தாடியோடு போக வெட்கப்பட்டார் என்று நான் நினைத்துக்கொண்டேன். அந்த அக்காவுக்கு ஆவணியில் சுங்கைப்பட்டாணியில் கல்யாணம் நடந்தது. செய்தி வந்த அன்று மாமா தாமாகவே போய்ச் சவரம் செய்துகொண்டு வந்தார். அணி ஜெயித்திருக்கவில்லை. யாரும் அவரிடம் முருகனைப் பற்றிக் கேட்கவில்லை.

அதற்கடுத்த வருடம் நான் பெரிய மனுஷியானேன். இனிமேல் ஆம்பிளைக் கூட்டத்தில் போய் உட்காருவது நடக்காது என்று அம்மா சொல்லிவிட்டார். நான் அழுதேன், மாமாவும் எனக்காகப் பேசிப் பார்த்தார். பலிக்கவில்லை. சனிக்கிழமைகளில் அவர் தனியாக நாளிதழை எடுத்துக்கொண்டு போவதை ஜன்னலில் நின்று பார்ப்பேன். எந்த இடத்தைக் காப்பாற்றிக்கொள்ள அப்படி வேண்டினேனோ, அந்த இடம் எனக்கு ஒரு வருடம்கூட நிலைக்கவில்லை. மாமா அதற்குப் பிறகு பெண் பார்க்கச் சம்மதிக்கவே இல்லை.

குற்ற உணர்ச்சி இல்லாமலா இருந்தது? எனக்குக் கல்யாணம் ஆனபோது மாமா என் பக்கத்தில் தனியாக நின்று எடுத்துக்கொண்ட படம் இருக்கிறது. அதை நான் ஆல்பத்தில் சேர்க்கவில்லை. ஆனாலும் வயது ஏற ஏற ஒரு சமாதானத்தைப் பிடித்துக்கொண்டேன். நம் அணியைப் பற்றி உங்களுக்குத்தான் தெரியுமே. அவர்கள் தோற்பதற்கு என் வேண்டுதல் எதற்கு? நான் வேண்டினாலும் தோற்றிருப்பார்கள், வேண்டாவிட்டாலும் தோற்றிருப்பார்கள். முருகனுக்கு இதைவிட முக்கியமான வேலைகள் இருந்திருக்கும். கேலியாகச் சொல்லிக் கேலியாகவே நம்பி, இத்தனை வருடமும் நிம்மதியாகத் தூங்கிவிட்டேன்.

மாமா இப்போது செபராங் ஜெயாவில் என் வீட்டில் இருக்கிறார். முழங்கால் தேய்ந்துவிட்டது. மாலையில் பேத்தியின் கைப்பேசியை வாங்கிக் கண்ணுக்கு மிக அருகில் வைத்துக்கொண்டு நம் அணியின் ஆட்டத்தைப் பார்ப்பார். அணி நடுவில் சில வருடங்கள் நன்றாகக்கூட ஆடியது. ஜெயித்தபோது மாமாவுக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை, பாவம். இப்போது பழையபடி தோற்கிறது.

போன மாதம் அப்படி ஒரு ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தபோது பேத்தி கேட்டாள். "தாத்தா, நீங்க ஏன் கல்யாணம் பண்ணல?"

நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். மாமா கைப்பேசியை மடியில் வைத்தார். தாடி, தைப்பூசம், பெரியம்மா, பிறக்காத பிள்ளை என்று எல்லாவற்றையும் சிரிக்கச் சிரிக்கச் சொன்னார். பேத்தி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அப்பறம் போய்ச் சொல்லியிருக்கலாம்ல? அந்தப் பொண்ணு வீட்டுல நம்பியிருப்பாங்கல்ல?"

"நம்பியிருப்பாங்க. தோத்தாலும் போறதாத்தான் இருந்தேன்லா." மாமா என் பக்கம் திரும்பி, தாடையால் என்னைக் காட்டினார். "அன்னிக்கு ஸ்டேடியத்துல ஒம் பாட்டியப் பாத்திருக்கணும் நீ. இத்துனூண்டு பிள்ள. கண்ண இறுக்க மூடிக்கிட்டு, கையக் கோத்துக்கிட்டு, ஒதடு நடுங்க நடுங்க வேண்டுது. அரை ஆட்டமும் கண்ணத் தொறக்கல. எனக்காக அப்படி வேண்ட ஒலகத்துல வேற யாரு இருந்தா? அந்தப் பிள்ள அப்படிக் கேட்டும் முருகன் குடுக்கலன்னா, அது எனக்கு இல்லாததுதானே. ராத்திரி பூரா அதையே நெனச்சேன். காலையில சட்டையக் கழட்டிட்டேன்."

பேத்தி என்னைப் பார்த்தாள். "பாட்டி, நெசமாவா? என்னா வேண்டுனீங்க?"

"வேற என்னாத்த வேண்டியிருப்பா," என்றார் மாமா, கைப்பேசியை மறுபடி கண்ணருகே கொண்டுபோய். "ஜெயிக்கணும்னுதான்."

நான் எழுந்து, அவர் பக்கத்தில் இருந்த தேநீர்க் கோப்பையைக் கழுவ எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். குழாயைத் திறந்த பிறகுதான் பார்த்தேன், அவர் இன்னும் பாதிகூடக் குடித்திருக்கவில்லை.